செப்டம்பரில் விதைத்த புல்

சில ஆண்டுகளுக்கு முன் பாரிசுக்கு வெளியே மகள் வீட்டில் தங்கியிருந்தேன். செப்டம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. மாப்பிள்ளை காலையிலேயே வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்ணைக் கொத்தத் தொடங்கிவிட்டார். கல் பொறுக்கி, சமன் செய்து, சதுர மீட்டருக்கு 30 கிராம் என்று புல் விதையை நிறுத்துக்கொண்டார். பாதியைக் கிழக்கு மேற்காகவும் மீதியைத் தெற்கு வடக்காகவும் தூவினார். மேலாக வாரிவிட்டு, உருளை ஓட்டி, பூவாளியால் நீர் தெளித்தார்.

"பத்து நாளில் பச்சை தெரியும், பாருங்கள் மாமா" என்றார். தெரிந்தது. அதைப் பார்த்தபோது, உத்தியோகம் பார்த்த காலத்துப் பழைய கோப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தப் புல்லின் கதை.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். இலையுதிர்காலம் பற்றி எத்தனையோ பாடங்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். புல் விதைக்க அந்தப் பருவத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? கோடை வெயில் வாங்கிய மண்ணில் சூடு இன்னும் இருக்கும். காற்றோ குளிரத் தொடங்கியிருக்கும். தூறல் விழும். களைகளின் வேகம் அடங்கியிருக்கும். ரே-கிராஸ் ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். பாத்யூரேன் என்ற வகைக்கு மூன்று வாரம்கூட ஆகும். கடுங்குளிர் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். வசந்தத்தில் விதைத்தால், வேர் இறங்குமுன் கோடை வந்துவிடும். களையும் போட்டிக்கு வரும்.

இவை எல்லாம் குளிர் நாட்டுப் புற்கள். அவற்றைத் தரையோடு தரையாகப் பாய்போல வளர்ப்பது அரண்மனைக்காரர்களின் ஆசையாக இருந்தது. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில், 14ஆம் லூயி காலத்தில் லெ நோத்ர் விரிவுபடுத்திய 'தாப்பி வேர்' இன்றும் இருக்கிறது. பச்சைக் கம்பளம் என்று பொருள். 335 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். அவ்வளவு நிலத்தில் ஒரு படி கோதுமை விளையாது. விளைய வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்று ஊருக்குக் காட்டத்தானே அது!

ஆனாலும் புல்தரையில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் தோற்றவர்கள்தான். பந்து உருட்டி விளையாட ஆங்கிலேயர் வைத்திருந்த 'பவுலிங் கிரீன்' என்ற புல்தரையைப் பார்த்து, பெயரையும் சேர்த்து வாங்கி 'புலேங்க்ரேன்' ஆக்கிக்கொண்டார்கள். 1709இல் தெசாலியே தார்ழான்வீல் எழுதிய தோட்டக்கலை நூலே இங்கிலாந்துப் புல்லின் அழகை ஒப்புக்கொள்கிறது. வைக்கோல் பரணில் உதிர்ந்து கிடக்கும் விதையைக் கூட்டி அள்ளித் தூவாதீர்கள், அது தடித்த தண்டாக உயர்ந்து வளரும் என்று அந்த நூல் எச்சரிக்கிறது. அப்படியானால், அதுவரை பலர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரிகிறது.

முளைத்த புல்லை வெட்ட வேண்டுமே? ஒன்று ஆடுகள் மேய வேண்டும். இல்லாவிட்டால் கூலியாட்கள் விடியற்காலையில், பனி ஈரம் காயுமுன், நீண்ட அரிவாளை வீசி அறுக்க வேண்டும். ஆள் பலம் உள்ளவனுக்குத்தான் புல்தரை. 1830இல் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பக்கத்து எட்வின் பட்டிங் என்பவர் இதை மாற்றினார். கம்பளித் துணியின் மேல்நூலைச் சீராக நறுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நெசவாலையில் பிறந்த யோசனை தோட்டத்துக்கு வந்தது. நாளடைவில், சிறிய வீட்டுக்காரனும் சொந்தமாக ஒரு பச்சைக் கம்பளம் வைத்துக்கொள்ள முடிந்தது.

விதைக்குக் கிராக்கி வந்ததும் மோசடியும் வந்தது. பழைய, செத்த விதையை நல்ல விதையோடு கலந்து விற்றார்கள். சிலர் சாயம்கூட ஏற்றினார்கள். 1869இல் இங்கிலாந்தில் விதைக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் தாரான்ட் ஊரில் ஃபிரீட்ரிக் நோபே விதைப் பரிசோதனை நிலையம் தொடங்கினார். இன்று விதைப் பைகளில் முளைப்புத்திறன் இவ்வளவு என்று அச்சடித்திருப்பதற்கு வழிகாட்டியது அதுதான்.

அமெரிக்காவில் வேறொரு வேடிக்கை நடந்தது. அங்கே புல் விதையோடு வெள்ளை குளோவர் விதையையும் சேர்த்தே விற்பார்கள். அது காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். உரச் செலவு மிச்சம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 2,4-டி என்ற களைக்கொல்லி கடைக்கு வந்தது. அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். அதற்கு டாண்டிலியனும் ஒன்று, குளோவரும் ஒன்று. கூடவே மடிகிற குளோவரையும் களை என்று சொல்லிவிட்டார்கள். மருந்துக்கு ஏற்ப குற்றவாளி! பிரான்சில் 2019 முதல் வீட்டுத் தோட்டத்துக்கு ரசாயனக் களைக்கொல்லி விற்கத் தடை. மாப்பிள்ளை வாங்கிய விதைப் பையில் குளோவர் மறுபடியும் இடம் பிடித்திருந்தது.

இனி அந்தக் கோப்பு.

எழுபதுகளின் கடைசி. புதுச்சேரியில் ஓர் அலுவலகம். நான் எழுத்தர். பிரான்சிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த புல் விதைப் பை ஒன்று மேலதிகாரி மேசைக்கு வந்தது. பையின் பின்புறம் இருந்ததை மொழிபெயர்க்கச் சொன்னார். எனக்குப் பெருமை. அழகாக எழுதிக் கொடுத்தேன்: 'செப்டம்பரில் விதைக்கவும்.'

தினக்கூலித் தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். என் அப்பா வயது. விதையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர் வெயிலுக்கு நிக்காது தம்பி. நின்னாலும் ஐப்பசி மழை வாரிக்கிட்டுப் போயிடும். அருகம்புல்லைக் கணுக்கணுவா நட்டா, அதுபாட்டுக்கு ஓடிப் பிடிச்சுக்கும். பெரியவர்கிட்ட நீங்க சொல்லுங்க" என்றார். நான் சொல்லவில்லை. 'செப்டம்பர்' என்று அச்சில் இருக்கிறதே!

விதை முளைக்கத்தான் செய்தது. அதிகாரி மகிழ்ந்தார். புரட்டாசி வெயிலில் நுனி கருகியது. ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் மிச்சமும் சேறோடு போயிற்று. 'தோட்டக்காரரின் கவனக்குறைவால் விதை வீணானது' என்று குறிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கீழே என் சுருக்கொப்பம். அந்த மாதம் அவருக்குப் பத்து நாள் கூலி பிடித்தார்கள்.

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தை பிறந்ததும் அதே இடத்தில், யாரும் சொல்லாமலே, அருகம்புல்லை நட்டார். 'அருகுபோல் வேரூன்றி' என்று நாம் வாழ்த்துவது சும்மா இல்லை. சித்திரை வருமுன் தரை மூடிவிட்டது. அந்த அருகைப் பிரெஞ்சில் 'ஷியேந்தான்' என்பார்கள், நாய்ப்பல் என்று பொருள். அங்கே அது பிடுங்கி எறிய வேண்டிய களை. புல்லில் நல்லது கெட்டது இல்லை. ஊரும் மாதமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. என் மொழிபெயர்ப்பில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஆனால் அந்த செப்டம்பர் நம்முடைய புரட்டாசி அல்ல என்பதை, பள்ளிக்கூடம் போகாத அவர் அறிந்திருந்தார்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. கோப்பும் இந்நேரம் கரையானுக்கு இரையாகியிருக்கும். அதில் திருத்தம் எழுத இனி வழியில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: தவறு தோட்டக்காரருடையது அல்ல. அவர் எச்சரித்தார், எழுத்தர் மேலிடத்தில் சொல்லவில்லை.