கருமுட்டை இருப்பைக் காட்டும் உயிர்க்குறிகள்

ஒரு பெண்ணின் இரு சினைப்பைகளிலும் மீதமிருக்கும் கருமுட்டைகளின் அளவே கருமுட்டை இருப்பு. அதை நேரடியாக எண்ண வழியில்லை. இரத்தத்தில் உள்ள சில ஹார்மோன்களையும் ஸ்கேனில் தெரியும் ஃபாலிக்கிள்களையும் வைத்தே கணிக்கிறார்கள். ஃபாலிக்கிள் என்பது கருமுட்டையைப் பொதிந்து வளர்க்கும் சிறு பை. ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு வருபவருக்கு எந்த அளவில் ஊசி மருந்து தரலாம், எத்தனை முட்டைகள் கிடைக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிய இந்தக் குறிகள் உதவுகின்றன.

தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போதே பெண்ணுக்கு 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகவும், பூப்பெய்தும் வயதில் 3 முதல் 5 லட்சமாகவும் குறைந்துவிடும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ 400 முதல் 500 மட்டுமே. மற்றவை தாமாகவே அழிகின்றன. இந்தத் தேய்வின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். புற்றுநோய்க்கான கீமோதெரபி, சினைப்பைக் கட்டிகளுக்கான அறுவை, புகைப்பழக்கம் ஆகியவை அதை விரைவுபடுத்தும். ஆகவே வயதை மட்டும் பார்த்து இருப்பைச் சொல்லிவிட முடியாது.

இன்று அதிகம் நம்பப்படும் இரத்தக் குறி ஏ.எம்.எச். எனப்படும் ஆன்டி முல்லேரியன் ஹார்மோன். இது முதலில் அறியப்பட்டது ஆண் சிசுவில்தான். கருப்பையாக உருவாக வேண்டிய குழாய்களை ஆண் சிசுவின் விரைகளில் சுரக்கும் ஏதோ ஒரு பொருள் மறையச் செய்கிறது என்பதை ஆல்ஃபிரட் ஜோஸ்ட் 1940-களில் முயல் சிசுக்களில் செய்த ஆய்வுகளால் காட்டினார். அதே ஹார்மோனைப் பெண்ணின் சினைப்பையில் வளரத் தொடங்கிய சிறு ஃபாலிக்கிள்களும் சுரக்கின்றன. ஃபாலிக்கிள் 8 மி.மீ. அளவைத் தாண்டியதும் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. சிறு ஃபாலிக்கிள்கள் நிறைய இருந்தால் இரத்தத்தில் ஏ.எம்.எச். கூடுதலாகவும், குறைவாக இருந்தால் குறைவாகவும் இருப்பது இதனால்தான். மாதவிடாய்ச் சுழற்சிக்குள் இதன் அளவு அதிகம் ஏறி இறங்குவதில்லை என்பதால் எந்த நாளிலும் இரத்தம் எடுக்கலாம். ஆனால் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களிடம் அளவு தாழ்ந்து தெரியும். பரிசோதனைக் கருவிக்குக் கருவி எண்ணும் மாறும். இரு ஆய்வகங்களின் முடிவுகளை அப்படியே ஒப்பிட்டு 'இறங்கிவிட்டது' என்று கலங்குவது தேவையற்றது.

இதற்கு இணையான நம்பகம் உள்ளது ஆன்ட்ரல் ஃபாலிக்கிள் எண்ணிக்கை. மாதவிடாயின் தொடக்க நாட்களில், பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில், இரு சினைப்பைகளிலும் 2 முதல் 10 மி.மீ. வரையுள்ள ஃபாலிக்கிள்களை எண்ணுகிறார்கள். எண்ணுபவரின் அனுபவத்தைப் பொறுத்து முடிவு சற்றே மாறலாம்.

ஃபாலிக்கிள்களை வளரத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். இவற்றுக்கு முந்தைய குறி. ஃபாலிக்கிள்கள் குறையும்போது அவற்றிலிருந்து வரும் இன்ஹிபின் பி ஹார்மோன் குறைகிறது. அதன் தடை தளர்ந்த பிட்யூட்டரிச் சுரப்பி எஃப்.எஸ்.எச்.சைக் கூடுதலாகச் சுரக்கிறது. இது மாதவிடாயின் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பார்க்கப்படும். எஸ்ட்ரடயோல் ஹார்மோன் மிகுந்திருந்தால் எஃப்.எஸ்.எச். தாழ்ந்து காட்டும். ஆகவே இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும். இருப்பு வெகுவாகத் தேய்ந்த பிறகே இது உயர்கிறது என்பது இதன் பெரிய குறை. இன்ஹிபின் பி அளவும் குளோமிஃபீன் மருந்து கொடுத்துச் செய்யும் சோதனையும் இப்போது பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டன.

இந்தக் குறிகள் சொல்வது எண்ணிக்கையை மட்டுமே. முட்டையின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வயது. வயது ஏற ஏறக் குரோமோசோம் குறையுள்ள முட்டைகளின் பங்கு கூடுகிறது. ஆகவே ஏ.எம்.எச். குறைந்த 30 வயதுப் பெண்ணுக்குச் சில முட்டைகளே கிடைத்தாலும், ஏ.எம்.எச். நன்றாக உள்ள 43 வயதுப் பெண்ணைவிட, ஒவ்வொரு முட்டையிலும் வாய்ப்பு கூடுதல். கருத்தரிப்புச் சிக்கல் முன்பு இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களை ஆராய்ந்து 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் வெளியிட்ட ஆய்வில், ஏ.எம்.எச். குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள். ஏ.எம்.எச். குறைவு என்ற ஒரு முடிவை மட்டும் காட்டி, இனி சொந்த முட்டையில் குழந்தை பிறக்காது என்று ஒரு பெண்ணிடம் சொல்வது அறிவியலுக்கும் பொருந்தாது, அவளுக்கும் நியாயமாகாது.

ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கம் 2011-இல் வகுத்த பொலோனா வரையறை, 0.5 முதல் 1.1 நானோகிராம்/மி.லி.க்குக் கீழான ஏ.எம்.எச். அளவை அல்லது 5 முதல் 7-க்குக் குறைந்த ஃபாலிக்கிள் எண்ணிக்கையை இருப்புக் குறைவாகக் கொள்கிறது. ஆனாலும் இது மட்டும் இருந்தால் போதாது. 40 வயதைத் தொட்டிருப்பது அல்லது வேறு ஆபத்துக் காரணி, முந்தைய சிகிச்சையில் மூன்று முட்டைகளுக்கு மேல் கிடைக்காதது, இருப்புக் குறைவு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் ஒருவரை மருந்துக்குச் சரியாக இசையாதவர் என வகைப்படுத்துகிறது.

எதிர்முனையிலும் கவனம் வேண்டும். சினைப்பைகளில் சிறு ஃபாலிக்கிள்கள் மிகுந்திருக்கும் பி.சி.ஓ.எஸ். நிலை உள்ளவர்களுக்கு ஏ.எம்.எச். மிக உயர்ந்திருப்பது வழக்கம். அவர்களுக்கு வழக்கமான அளவில் ஊசி போட்டால் சினைப்பைகள் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, இரத்தம் உறையும் ஆபத்து வரை போகலாம். முன்கூட்டியே தெரிந்தால் மருந்தளவைக் குறைக்கலாம். முட்டைகளை முதிரவைக்க எச்.சி.ஜி. ஊசிக்குப் பதிலாக ஜி.என்.ஆர்.எச். அகோனிஸ்ட் தரலாம். கருக்களை உறைய வைத்து, உடல் தேறிய பிறகு கருப்பையில் செலுத்தலாம்.