நவம்பர் மாதத்து ரேகை

நவம்பர் பிறந்துவிட்டால் சென்னையில் மத்திய அரசு ஓய்வூதியர் வீடுகளில் காலையிலேயே பரபரப்புதான். ஓய்வூதியப் புத்தகம், ஆதார் அட்டை, கண்ணாடிக்கூடு எல்லாம் மஞ்சள் பைக்குள் போகும். நடைப்பயிற்சி, மருந்துக்கடை எல்லாம் அப்புறம்; முதல் வேலை வங்கியில். தாம் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை சான்றோடு சொல்லியாக வேண்டும்.

பல காலம் அது அதிகாரி முன் கையெழுத்திடும் காகிதமாக இருந்தது. 2014 நவம்பர் 10-இல் 'ஜீவன் பிரமாண்' என்ற மின்னணு வாழ்வுச் சான்று வந்தபின் விரல் ரேகை போதும் என்றானது. ஆனால் உழைத்துத் தேய்ந்த கட்டைவிரலைக் கருவி எளிதில் ஏற்பதில்லை. வேட்டியில் துடைத்து, மறுபடி அழுத்தி, அடுத்த விரலை வைத்து… ஏற்கும்வரை மூச்சு நிற்கும். 2021-இல் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதி வந்தது எவ்வளவு பெரிய ஆறுதல்!

வரிசையில் நிற்கும் மூத்தவர்கள் நகாராவை மறக்கக் கூடாது. 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குத் தாராளமான புதிய ஓய்வூதியக் கணக்கீடு கிடையாது என்றிருந்ததை எதிர்த்து வழக்காடியவர் டி.எஸ். நகாரா. 1982 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பாகுபாட்டை நீக்கியது. ஓய்வூதியம் கருணைக்கொடை அல்ல, உரிமை என்றது. அந்த நாளே ஓய்வூதியர் நாள்.

சான்று பதிவானதும் பை மடங்கும். பள்ளி விடும் நேரம். வாசலில் பேத்தி காத்திருப்பாள்.