செருப்புக்கு ஒரு கல்வெட்டு, தைத்தவருக்கு?

நவம்பர் 24 வந்தால் கோவை தினம். 1804-ல் கோயம்புத்தூரைத் தலைநகராகக் கொண்டு மாவட்டம் அமைந்த நாளாக அதைக் கொண்டாடுகிறார்கள். அதையொட்டிப் பழைய புகைப்படங்கள், மரபு நடை, மில்களின் கதை, சிறுவாணித் தண்ணீரின் கதை எல்லாம் மேடையேறும். 2008-லிருந்து கோயம்புத்தூர் விழா வேறு. வாணவராயர் அறக்கட்டளை வரலாற்றுச் சொற்பொழிவுகள் நடத்துகிறது. திருப்பூர் வீரராசேந்திரன் தொல்லியல் மற்றும் வரலாற்று ஆய்வு மையத்தினர் ஊர் ஊராகப் போய் நடுகற்களையும் கல்வெட்டுகளையும் கண்டெடுத்துச் செய்தியாக்குகிறார்கள்.

நம் தோழர்கள் பலர் இதையெல்லாம் "அவங்க வரலாறு" என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொங்கு நாட்டின் வரலாற்றைச் சேர்த்து வைத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்றவர்கள். கோவைகிழார் சி.எம். ராமச்சந்திரன் செட்டியார் ஒரு வழக்கறிஞர். ஈரோட்டுப் புலவர் செ. இராசு தமிழாசிரியராகத் தொடங்கியவர். அவர்கள் தேடி அலைந்திருக்காவிட்டால் இன்று நாம் சண்டை போடுவதற்கே ஆதாரம் இருந்திருக்காது. ஆகவே அந்தக் கூட்டங்களுக்குப் போங்கள், முன்வரிசையில் உட்காருங்கள். ஆனால் அங்கே காட்டப்படும் கல்லை நம் கண்ணால் படியுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கல். கரூர் பசுபதீசுவரர் கோயிலில் கோனேரின்மை கொண்டான் என்ற பட்டத்தோடு ஓர் அரசன் கொடுத்த ஆணை பொறிக்கப்பட்டிருக்கிறது. வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குக் கொடுத்த ஆணை அது. இதே மாதிரியான ஆணை பேரூர் உள்ளிட்ட வேறு கொங்குக் கோயில்களிலும் உண்டு. ஆணையின் பொருள் இதுதான்: உங்கள் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம்; வெளியே போக வேண்டிய இடங்களுக்குச் செருப்புப் போட்டுப் போகலாம்; வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம்.

கொங்குக் கல்வெட்டுகளைப் பற்றிய உரைகளில் இதை அரசனின் தாராள குணத்துக்குச் சான்றாகச் சொல்வார்கள். தலைகீழாகப் படித்துப் பாருங்கள். அந்த ஆணை வரும்வரை கொல்லரும் தச்சரும் தட்டாரும் கல்தச்சரும் காலில் செருப்பில்லாமல் நடந்தார்கள், சாந்து பூசாத வீட்டில் இருந்தார்கள் என்று அதே கல் சொல்கிறது. கோயிலையே கட்டிய கல்தச்சனுக்குத் தன் வீட்டுச் சுவரைப் பூச அரச அனுமதி தேவைப்பட்டது. சாதி வெள்ளைக்காரன் எழுதி வைத்தது என்று வாதாடும் நண்பர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கரூருக்குக் கூட்டிப் போகலாம். பஸ் செலவு நம்முடையதாக இருக்கட்டும்.

ஆனால் நமக்கு அந்தக் கல் இன்னொரு இடத்தில் உறுத்த வேண்டும். செருப்புப் போடும் உரிமை கம்மாளருக்குக் கிடைத்தது. அந்தச் செருப்பைத் தைத்தவர் யார்? அந்தப் பேரிகைக்குத் தோல் கட்டியவர் யார்? கம்மாளர்கள் தச்சும் கொல்லும் தெரிந்தவர்கள், கோயில் வேலைக்கு வேண்டியவர்கள், அரசனிடம் பேரம் பேசும் பலம் அவர்களுக்கு இருந்தது. தோல் வேலை செய்தவர்களுக்கு அது இல்லை. வலங்கை, இடங்கை என்று பிரித்தபோது கம்மாளரோடு ஒரே இடங்கையில் மாதாரிகளையும் சேர்த்தார்கள். கல்லில் மட்டும் சேர்க்கவில்லை. கொங்குப் பகுதியில் 1960-களில் கள ஆய்வு செய்த பிரெண்டா பெக், காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்த வலங்கை இடங்கைப் பிளவின் மிச்சத்தை அப்போதும் பார்த்திருக்கிறார்.

கொங்கு நாடு ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பி வாழ்ந்த நாடு அல்ல. கிணற்றை நம்பிய காடு. நொய்யலும் பவானியும் அமராவதியும் எட்டாத இடத்திலெல்லாம் கவலை ஓடியது. எருதுகள் சரிவில் இறங்க, வடக்கயிறு இழுபட, சால் மேலே வரும். அந்தச் சாலில் இருந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டுவதற்குத் தோல் வால் வேண்டும். அதைத் தைத்ததும், கிழிந்தால் ஒட்டுப் போட்டதும் மாதாரி. கூலி காசாக அல்ல, அறுவடைக் களத்தில் தானியமாக. "வானம் பார்த்த பூமியைப் பொன் விளையும் பூமியாக்கிய உழைப்பு" என்று மேடையில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சில் தோல் வால் எங்கே? 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, மெல்ல மெல்ல கிணறுகளில் மோட்டார் ஓடத் தொடங்கியபோது அந்தத் தோலுக்கு வேலை இல்லாமல் போனது. தைத்தவருக்கும்தான். பண்ணாடியிடம் பண்ணையத்துக்கு இருப்பதும் ஆடு மேய்க்கப் பிள்ளையை விடுவதும் மட்டும் தொடர்ந்தன. பெருமாள்முருகன் 'கூளமாதாரி' எழுதியது அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். வரலாற்று மேடை விட்டதை நாவல் எடுத்துக்கொண்டது.

அடுத்து அரச்சலூர். தொல்லியல் ஆர்வலர்கள் அந்த ஊருக்குப் போவது அங்குள்ள தமிழி எழுத்து இசைக் கல்வெட்டைப் பார்க்க. தாளச் சொற்களைக் கட்டம் கட்டிச் செதுக்கிய அரிய கல்வெட்டு. கண்டு வெளிப்படுத்தியவர் செ. இராசுதான். அதே வட்டாரத்தில்தான் ஓடாநிலை, தீரன் சின்னமலையின் கோட்டை இருந்த இடம். அதே வட்டாரத்தில்தான் நல்லமங்காபாளையம், பொல்லானின் ஊர்.

பொல்லான் அருந்ததியர். சின்னமலையின் படையில் இருந்தவர், கும்பினிப் படையின் நடமாட்டத்தை உளவறிந்து செருப்புக்குள் மறைத்துச் செய்தி அனுப்பியவர், பிடிபட்டு ஆடி 1-ல் சுட்டுக் கொல்லப்பட்டவர் என்பது வாய்மொழி வரலாறு. "எழுத்து ஆதாரம் எங்கே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்டால். சின்னமலை 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பற்றி இன்று நாம் சொல்லும் கதைகளில் பாதிக்கு மேல் கும்மியிலும் வாய்மொழியிலும் குடும்ப நினைவிலும் வந்தவை. அவரைப் பற்றி நூல் எழுதிய புலவர் குழந்தை ஓடாநிலைக்குப் பக்கத்து ஓலவலசுக்காரர்; ஊர் நினைவு அவருக்கு ஆதாரமாகவே இருந்திருக்கும். ஊரின் நினைவு ஆதாரம் என்றால் வளவின் நினைவும் ஆதாரம்தான். எழுதப் படிக்க விடாமல் வைத்திருந்துவிட்டு, ஓலை எங்கே என்று கேட்பது சரியா? மொடக்குறிச்சி வட்டம் ஜெயராமபுரத்தில் இன்று அரசு எழுப்பிய பொல்லான் சிலையும் அரங்கமும் நிற்கின்றன என்றால், ஆண்டுதோறும் ஆடி 1-ல் மாலை போட்டு, துண்டறிக்கை அச்சடித்து, மனு மேல் மனு கொடுத்த சாதாரண ஜனங்கள்தான் காரணம். அவர்களும் ஒரு வரலாற்றுச் சங்கம்தான். பதிவு எண் இருக்காது, அவ்வளவே.

சின்னியம்பாளையத்துக்கும் இப்படித்தான். இராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற 4 மில் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8-ல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களை நினைவில் வைத்திருப்பவை தொழிற்சங்கமும் செங்கொடியும். 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெருமை பேசும் எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும், அந்த 4 பெயர்களும் அதில் வருகின்றனவா என்று ஒரு தடவை கவனியுங்கள்.

மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலை மழையில் சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள், அருந்ததியர்கள். சுமார் 20 அடி உயரச் சுவர். தீண்டாமைச் சுவர் என்று நாம் சொன்னோம். கரூர்க் கல்வெட்டில் சுவருக்குச் சாந்து பூசலாமா என்பது கேள்வி. நடூரில் யார் சுவர் யார் வீட்டின் மேல் என்பது கேள்வி. இடையில் ஏறத்தாழ 700 ஆண்டுகள். நடூரும் கொங்கு வரலாறுதான், அதற்கும் மரபு நடை போகலாம்.

1978-ல் ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட், 'நீ நிற்கும் இடத்தில் தோண்டு' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கையேடு எழுதினார். தொழிலாளி தன் தொழிற்சாலையின் வரலாற்றைத் தானே ஆராய்வது எப்படி என்பது அதன் விஷயம். எடுத்துக்காட்டாக அவர் எடுத்துக்கொண்டது சிமெண்ட் ஆலை. (மதுக்கரைத் தோழர்கள் கவனிக்க.) அமெரிக்காவில் கார்ட்டர் வுட்சன் 1926-ல் தொடங்கிய கறுப்பர் வரலாற்று வாரம் பிறகு மாதமானது. அதைப் பார்த்துத்தான் நாம் ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறோம். சென்னையில் நடக்கும் நிகழ்ச்சியை ஃபோனில் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வளவிலேயே ஒரு சாயங்காலம் கூட்டுங்கள்.

அதற்கு மண்டபம் வேண்டாம், கோயில் திண்ணையும் ஒரு பாயும் போதும். வயதானவர்களிடம் "பழைய கதை சொல்லுங்க ஆத்தா" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது. கேள்வி பொருளைப் பிடித்து இருக்க வேண்டும்: எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீங்க, யார் ஊற்றினாங்க? ஊருக்குள் செருப்பை எந்த இடத்தில் கழற்றுவீங்க? டீக்கடையில் தனி டம்ளர் எந்த வருஷம் வரைக்கும்? பண்ணையத்துக்கு வருஷக் கூலி எத்தனை வள்ளம்? முதலில் பள்ளிக்கூடம் போனது யார்? ஃபோனில் பதிவு செய்யுங்கள், தேதி சொல்லித் தொடங்குங்கள், இரண்டு இடத்தில் சேமியுங்கள். பேசுபவர் சம்மதம் இல்லாமல் எங்கேயும் போடாதீர்கள். இன்றைக்கும் அதே பண்ணாடி தோட்டத்தில்தான் அவருக்கு வேலை.

கதையோடு நிற்காமல் காகிதத்துக்கும் போங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை 1010-ன்படி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய நிலங்கள்தான் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நாம் பல மேடைகளில் கேட்ட கணக்கு. அதில் உங்கள் வருவாய்க் கிராமத்தில் ஏதாவது உண்டா? கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் இன்றைய பெயர் இருக்கும். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆவண அறையிலோ தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சர்வே எண்ணைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். "அந்த ஓரக்காடு நம்ம தாத்தனுது" என்று ஆத்தா சொன்னது எந்த எண் என்று அப்போது தெரியும்.