கூலிக்குக் கற்பித்தவர்கள்: ஹுசேன் சாகரும் இந்தியத் துடுப்புப் படகோட்டத்தின் பயிற்றுநர்களும்

1879ஆம் ஆண்டு, தேம்ஸ் நதியில் நடைபெறும் ஹென்லிப் படகுப் போட்டியின் நிர்வாகிகள் 'அமெச்சூர்' என்பவர் யார் என்பதற்கு ஒரு வரையறை வகுத்தனர். பணத்துக்காகப் படகு வலித்தவர் அதில் விலக்கப்பட்டார். மெக்கானிக்காகவோ கைவினைஞராகவோ கூலித் தொழிலாளராகவோ பிழைப்பு நடத்தியவரும் விலக்கப்பட்டார். உடற்பயிற்சி எதையேனும் வாழ்வாதாரமாகக் கற்பித்தவருக்கும் அதே நிலைதான். சம்பளம் பெறும் பயிற்றுநரும் உடலுழைப்பாளரும் ஒரே விதியால் ஒரே வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டனர். உடலுழைப்பாளர் மீதான தடை 1937இல்தான் நீங்கியது. இந்தியாவில் இவ்விளையாட்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த விதியிலிருந்து தொடங்குவது பயனுள்ளது. ஏனெனில், ஹென்லி விலக்கிய அவ்விரு வகையினரே இங்கு அவ்வரலாற்றைப் பெரிதும் உருவாக்கியவர்கள்.

'கோச்' என்னும் சொல்லுக்கே ஒரு பயணம் உண்டு. ஹங்கேரியின் கோச் என்ற சிற்றூரில் செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு அவ்வூர்ப் பெயரே வழங்கி, பின் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவியது. 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தேர்வு என்னும் தொலைவைக் கடக்கத் தங்களைச் சுமந்து செல்லும் தனி ஆசிரியரை அச்சொல்லால் கேலியாகக் குறித்தனர். 1860களில் அது விளையாட்டுத் துறைக்குள் நுழைந்தது. கேலிப்பெயராகத் தொடங்கிய சொல்லில் சுமப்பவரைப் பற்றிய ஒரு மேல்தட்டு அலட்சியமும் ஒட்டியிருந்தது எனலாம்.

தமிழிலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கேரளத்து வள்ளங்களியில் வீரர்கள் முன்னோக்கி அமர்ந்து, கையில் ஏந்திய துடுப்பால் நீரைத் தள்ளுகின்றனர். ஒலிம்பிக் பந்தயத்தில் படகின் விளிம்புக்கு வெளியே நீளும் கொளுவியில் பொருத்திய நீண்ட தண்டை, பின்னோக்கி அமர்ந்து இழுக்கின்றனர். இவ்விரண்டாம் செயலுக்குத் 'தண்டு வலித்தல்' என்ற பழைய வழக்குத் தமிழில் உண்டு. இன்று இரண்டையும் 'துடுப்பு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் இவை இருவேறு உடல் பழக்கங்கள். ஒன்றில் வளர்ந்தவர் மற்றொன்றை இயல்பாகச் செய்துவிட இயலாது. யாரேனும் கற்பித்தாக வேண்டும்.

இந்தியாவுக்கு இவ்விளையாட்டு வந்தது மன்றங்களின் வழியாக. கல்கத்தா ரோயிங் கிளப் 1858இலும், அடையாற்றங்கரையின் மெட்ராஸ் போட் கிளப் 1867இலும் தோன்றின. இவை நெடுங்காலம் ஐரோப்பியருக்கே உரியவையாக இருந்தன. அம்மரபில் மூத்த உறுப்பினர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பார். அது நட்பின் கடமை, ஊதியத்துக்குரிய பணியன்று. படகுகளைத் தூக்கி இறக்கிப் பழுதுபார்த்த உள்ளூர்ப் பணியாளர்களுக்கு நீரும் மரமும் நன்கு தெரிந்திருந்தும், அவர்கள் பந்தயத்தின் பகுதியாகக் கருதப்படவில்லை.

ஹைதராபாத்தின் கதை இதிலிருந்து மாறுபடுகிறது. ஹுசேன் சாகர், 16ஆம் நூற்றாண்டில் இப்ராஹிம் குலி குதுப் ஷாவின் ஆட்சியில் நகரின் நீர்த்தேவைக்காக வெட்டப்பட்ட ஏரி. அதன் வடக்கே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செகந்திராபாத் படைமுகாம் எழுந்தது. அலெப்பியிலோ கொல்லத்திலோ இருப்பதுபோன்ற மக்கள் படகுப் பந்தய மரபு இவ்வேரிக்கு இல்லை. இங்கு இவ்விளையாட்டு வேரூன்றியதற்கு அரசு, இராணுவம், சம்பளம் பெறும் பயிற்றுநர் ஆகிய மூன்றும் காரணம்.

இதற்கான நிறுவனப் பின்னணி விடுதலைக்குப் பின் உருவானது. 1961இல் பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டு, பயிற்றுவித்தல் பட்டயம் பெறும் ஒரு தொழிலாயிற்று. 1976இல் இந்தியத் துடுப்புப் படகோட்டச் சம்மேளனம் அமைந்தது. 1982 ஆசிய விளையாட்டின் படகுப் பந்தயங்கள் ஜெய்ப்பூரை அடுத்த ராம்கர் ஏரியில் நடந்தன. ஹுசேன் சாகர் 2002 தேசிய விளையாட்டின் படகுப் பந்தயங்களுக்கும் களமாயிற்று. 2005இல் ஆசியத் துடுப்புப் படகோட்ட வாகைப் போட்டி ஹைதராபாத்தில் நடைபெற்றது.

அதே 2005ஆம் ஆண்டுக்கான துரோணாச்சாரியா விருது ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்றுநர் இஸ்மாயில் பெய்க்குக்கு வழங்கப்பட்டது. பெய்க்கின் மாணவர்களில் முதன்மையானவர் பஜ்ரங் லால் தாக்கர். ராஜஸ்தானின் வறண்ட சீகர் மாவட்டத்தில் பிறந்து இராணுவத்தில் சேர்ந்த பின்னரே தண்டைத் தொட்டவர். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் வெள்ளியும், 2010 குவாங்சோவில் ஒற்றையர் பந்தயத்தில் தங்கமும் வென்றார். ஆசிய விளையாட்டுப் படகோட்டத்தில் இந்தியாவின் முதல் தங்கம் அதுவே. 2018 பாலெம்பாங்கில் ஸ்வர்ண் சிங், தத்து போகனல், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகிய நால்வரும் தங்கம் வென்றபோதும் பெய்க்கே தலைமைப் பயிற்றுநர்.

இந்நால்வருள் தத்து போகனலின் வாழ்க்கை ஹென்லி விதிக்கு நேரெதிர்ச் சான்று. நாசிக் மாவட்டத்தின் வறட்சிப் பகுதியில் தந்தையுடன் கிணறு தோண்டும் கூலி வேலை செய்தவர். 2012இல் இராணுவத்தில் சேர்ந்தார். புணேயின் இராணுவ முகாமில் குத்ரத் அலி என்ற பயிற்றுநர் அவரைத் துடுப்புக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் நீரைக் கண்டாலே அஞ்சியதாக அவரே கூறியிருக்கிறார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர் பெற்ற இடம் 13. ஹென்லியின் பழைய வரையறைப்படி கிணறு தோண்டிய மாணவரும் தகுதியற்றவர், சம்பளத்துக்குக் கற்பித்த ஆசிரியரும் தகுதியற்றவர்.

நீரறியாத ஓர் இளைஞரைப் படகில் அமர்த்துவது எத்தகைய வேலை? ஒற்றையர் பந்தயப் படகு ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும் 14 கிலோ எடையும் கொண்டது. அகலமோ அமர்ந்திருப்பவரின் இடுப்பளவே. இரு தண்டுகளும் நீரின்மேல் விரிந்திருந்தால் மட்டுமே அது நிமிர்ந்து நிற்கும். கைப்பிடியை விட்டால் கவிழும். ஆகவே முதலில் நீச்சல், பின் கரையில் எர்கோமீட்டர் எந்திரம், அதன் பின்னரே படகு. இழுப்பது கைகள் என்று புதியவர் நம்புகிறார். உண்மையில் ஆற்றலின் பெரும்பகுதி கால்களிலிருந்து எழுந்து, முதுகின் வழியாகக் கைகளைச் சென்றடைகிறது. இந்த வரிசை குலைந்தால் படகின் ஓட்டம் தடைப்படும், முதுகும் பாதிக்கப்படும். 15 வயதில் படியும் தவறான பழக்கத்தை 25 வயதில் தேசியப் பயிற்றுநர் திருத்துவது மிகக் கடினம். எனவே இளையோர் பயிற்றுநரின் வேலை இவ்விளையாட்டின் அடித்தளம். உயரமும் கைவீச்சும் உள்ள சிறுவரை அடையாளம் காண்பது, பெற்றோரின் அச்சத்தைப் போக்குவது, படகின் திருகாணிகளை ஒவ்வோர் உடலுக்கும் ஏற்ப அமைப்பது ஆகிய அனைத்தும் அவரிடமே வருகின்றன.

துடுப்பு வீரர் தாம் சென்றடைய வேண்டிய எல்லைக்கு முதுகு காட்டி அமர்கிறார். பயிற்சிக் காலத்தில் அவர் கண்முன் இருப்பது மோட்டார்ப் படகில் பின்தொடரும் பயிற்றுநரே. பந்தய நாளில் அந்தப் படகு கரையிலேயே நின்றுவிடுகிறது; வெளியிலிருந்து கருவி வழியாக அறிவுரை சொல்வதையும் சர்வதேச விதி தடுக்கிறது. பயிற்றுநர் கற்பித்தது அனைத்தும் அதற்குள் மாணவரின் உடலில் பதிந்திருக்க வேண்டும். வெற்றி பெறும் கணத்தில் கற்பித்தவர் காட்சியிலேயே இல்லை.

ஆவணங்களிலும் ஏறத்தாழ அதே நிலைதான். முடிவுப் பட்டியல்களில் வீரரின் பெயரும் மாநிலமும் நேரமும் இருக்கின்றன. முதல் தண்டைக் கையில் கொடுத்தவரின் பெயர் இல்லை. 1985இல் துரோணாச்சாரியா விருது தொடங்கப்பட்டபோது, பி.டி. உஷாவைச் சிறுவயதிலேயே கண்டெடுத்து வளர்த்த ஓ.எம். நம்பியார் முதல் விருதாளர்களுள் ஒருவரானார். தொடக்கமும் முடிவும் ஒரே ஆசிரியரிடம் அமைந்த அரிய நேர்வு அது. துடுப்புப் படகோட்டத்தில் மாணவர் மாவட்டப் பயிற்சியிலிருந்து இராணுவச் சிறுவர் விளையாட்டுக் குழுவுக்கும், அங்கிருந்து தேசிய முகாமுக்கும் கைமாறுகிறார். பெரும்பாலும் இறுதிக் கையே வரலாற்றில் பதிவாகிறது. பிற்காலத்தில் மத்திய அரசின் ரொக்கப் பரிசு விதிகள் அடிநிலைப் பயிற்றுநருக்கும் பங்கு உண்டு என ஏற்றுக்கொண்டது வரவேற்கத்தக்கது. ஆயினும் அந்த அடிநிலைப் பயிற்றுநர் யார் என்று நிறுவ ஆவணம் வேண்டும்.

பயிற்றுநர் மரபு அறுபடாமல் தொடர்வதற்குச் சான்றும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே துடுப்பு வீரராகப் பங்கேற்ற பல்ராஜ் பன்வாருக்குப் பயிற்சியளித்தவர் பஜ்ரங் லால் தாக்கர். பெய்க்கிடமிருந்து தாக்கருக்கும், தாக்கரிடமிருந்து பன்வாருக்குமாக இவ்வறிவு எந்த நூலிலும் எழுதப்படாமல் மூன்று தலைமுறை கடந்திருக்கிறது. இராணுவ வழக்கில் பயிற்சியளிப்பவரை 'உஸ்தாத்' என்று அழைப்பர். தக்காண உருதுவின் நகரமான ஹைதராபாத்தில் இசைக்கும் மல்யுத்தத்துக்கும் உரிய அதே சொல் அது. குருவின் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் மரபு அச்சொல்லுடன் வருவது. விளையாட்டு ஆவணங்கள் அம்மரபைக் கைக்கொள்ளவில்லை.

இம்மரபு நிற்கும் நீரும் இடரில் இருக்கிறது. குகட்பள்ளி ஓடை வழியே தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் பல பத்தாண்டுகளாக ஹுசேன் சாகரில் கலந்து வந்துள்ளன. ஆக்கிரமிப்பால் அதன் பரப்பும் சுருங்கியது. விடியற்காலையில் அந்த ஏரியில் இறங்கும் சிறுவர்களும், அவர்களைப் பின்தொடரும் பயிற்றுநர்களும் அந்நீரை நாள்தோறும் சுவாசிப்பவர்கள். ஏரியின் சூழலியல் வரலாற்றுக்கு அவர்களே நேர்ச் சாட்சிகள். இதுவரை பெரிதும் கேட்கப்படாத சாட்சிகள்.

விளையாட்டு வரலாறு, உழைப்பு வரலாறு, வாய்மொழி வரலாறு ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு இங்கு பணி காத்திருக்கிறது. முகாம் வருகைப் பதிவேடுகள், படகுப் பழுதுக் கணக்குகள், ஒப்பந்த நியமன ஆணைகள், ஓய்வுபெற்ற பயிற்றுநர்களின் நாட்குறிப்புகள் எல்லாம் மூலச் சான்றுகளே. அவர்களுள் மூத்தவர்கள் முதுமையை நெருங்கிவிட்டனர். தெலுங்கிலும் தக்காண உருதுவிலும் ஹிந்தியிலும் அவர்கள் சொல்லக்கூடியதைப் பதிவு செய்வதற்கான காலம் நீண்டதன்று. அப்பதிவுக்கு ஒரு கேள்வியே தொடக்கமாக அமையும்: இந்த வீரரின் கையில் முதன்முதலில் தண்டைக் கொடுத்தவர் யார்?