தீச்சுவருக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது



தரம் 11 விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் இந்த வரி வரும்: "தீச்சுவர் என்பது கெட்டவர்கள் கணினிக்குள் வராமல் தடுப்பது." புள்ளி கொடுத்துவிடுவேன். மனம்தான் ஒப்பாது. இந்தச் சொல் வந்த கதையைச் சொன்னால் பிழை எங்கே என்று விளங்கும்.

முதலில் இது கட்டடக்காரர்களின் சொல். ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் பிடித்த தீ மற்றதற்குத் தாவாதிருக்க நடுவில் எழுப்பும் தடித்த சுவர். கள்வனுக்காகக் கட்டியதல்ல. பக்கத்து வீட்டுக்காரர் தங்கமான மனிதராகவே இருக்கலாம், ஆனாலும் அவர் வீட்டில் தீ பிடிக்கலாம். அவ்வளவுதான் கணக்கு.

1980களின் இணையத்தில் அப்படிச் சுவர் வைத்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும்தான் இருந்தன. "இந்தக் கணினி நம்மவருடையது" என்று எழுதி வைத்திருந்தால், அங்கிருந்து வருபவரிடம் கடவுச்சொல்கூடக் கேட்கமாட்டார்கள்.

1988 நவம்பர் 2ஆம் திகதி, கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொரிஸ் தானாகப் பெருகும் ஒரு நிரலை அவிழ்த்துவிட்டார். அது மின்னஞ்சல் மென்பொருளில் இருந்த ஓட்டை, ஃபிங்கர் என்ற சேவையில் இருந்த ஓட்டை, இலேசான கடவுச்சொற்கள், மேலே சொன்ன அந்த நம்பிக்கை ஆகிய நான்கு வழிகளிலும் நுழைந்தது. ஏற்கெனவே தொற்றிய கணினியை அது விட்டுவிட வேண்டும். ஆனால் "எனக்குத் தொற்றிவிட்டது" என்று பொய் சொல்லி அதை ஏமாற்றலாமே! அதனால் ஏழில் ஒரு தடவை எப்படியும் தங்கிவிடும்படி எழுதியிருந்தார். அந்த ஏழில் ஒன்றுதான் கணினிகளை மூச்சுத்திணற வைத்தது. அன்றைய மதிப்பீட்டின்படி சுமார் 60,000 கணினிகளில் 6,000 பாதிக்கப்பட்டன. மொரிஸுக்கு 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணிநேர சமூக சேவை, 10,050 டொலர் தண்டம். அவரது தகப்பனார் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு விஞ்ஞானி என்று சொன்னதும் வகுப்பே சிரிக்கும்.

அதற்குப் பிறகுதான் சுவர்கள் வேகமாக எழுந்தன. சொற்கள் போர்க்களத்திலிருந்து வந்தன. வெளியுலகை நேரே பார்த்து நிற்கும் கணினிக்குக் 'கொத்தளம்' என்ற பெயர். காலிக் கோட்டையில் சூரியக் கொத்தளம், சந்திரக் கொத்தளம் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. வெளிக்கும் உள்ளுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு 'இராணுவமற்ற வலயம்' என்று பெயர். 1953 போர்நிறுத்தத்தில் கொரியாவின் குறுக்கே வகுத்த 4 கிலோமீற்றர் அகல வலயத்தின் பெயர் அது.

'போர்ட்' என்பதைத் 'துறை' என்றதால் பிள்ளைகள் கொழும்புத் துறைமுகத்தை நினைக்கிறார்கள். இலக்கமிட்ட வாசல் என்றால் உடனே பிடிபடும். 25 அஞ்சலுக்கு, 80 இணையப் பக்கங்களுக்கு, 79 ஃபிங்கருக்கு.

ஆரம்பகாலத் தீச்சுவர், வாசலில் பட்டியலோடு இருக்கும் ஒரு இலிகிதர். பொதி எங்கிருந்து வருகிறது, எந்த வாசலுக்குப் போகிறது என்று மட்டும் பார்ப்பார், பிரித்துப் பார்க்கமாட்டார். பட்டியலை மேலிருந்து கீழே வாசித்து, முதலில் பொருந்தும் விதிப்படி விடுவார் அல்லது மறிப்பார். ஒன்றும் பொருந்தாவிட்டால் மறிக்க வேண்டும் என்பது கடைசி விதி. வகுப்பில் இதைக் கடதாசியில் எழுதச் சொன்னேன். ஒரு மகன் கடைசி விதியை முதலாவதாக எழுதிவிட்டார். அவருடைய பாடசாலைக்குள் அதிபரும் நுழைய முடியாது!

இப்போது மொரிஸின் நிரலுக்கு முன்னால் அந்த இலிகிதரை இருத்திப் பாருங்கள். 79ஆம் வாசலை மூடியிருப்பார். நம்பிக்கையின் பேரில் திறந்திருந்த வாசலையும் மூடியிருப்பார். 25ஐ எப்படி மூடுவது? கடிதம் வரவேண்டுமே. அந்த வாசலால் வந்திருந்தால், அஞ்சல் கணினிக்கென்று எழுதிய பொதி என்று பார்த்து, விதிப்படி உள்ளே விட்டிருப்பார்.