இறங்காத ஊருக்கும் விசா

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் உண்டு. வெளிநாடு போக வேண்டுமென்றால் திருச்சிக்குத்தான் போக வேண்டும். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை எல்லாவற்றுக்கும் அதுவே வாசல். அங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா என்று நேராகப் பறக்கலாம். லண்டனைத் தாண்டி டொராண்டோ, நியூயார்க் என்றால் நடுவில் எங்கோ ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். அப்போதுதான் கவுன்ட்டரில் கேட்பார்கள்: "டிரான்சிட் விசா இருக்கா சார்?" கேட்பவர் அரசு அதிகாரி அல்லர், விமான நிறுவன ஊழியர். இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகப்போகிற ஊருக்கு விசா எதற்கு, அதை இவர் ஏன் கேட்கிறார் என்று எரிச்சல் வருவது இயற்கைதான்.

கப்பல் காலத்தில் டெல்டாக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று போகும். போகிற துறைமுகமெல்லாம் அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவை. ஐரோப்பாவில்தான் சிக்கல். முதல் உலகப்போர் முடிந்து பேரரசுகள் உடைந்தபின், ஒரே ரயில் பயணத்தில் மூன்று நான்கு புதிய எல்லைகள் குறுக்கிட்டன. ஒவ்வொன்றும் விசா கேட்டது, காசும் கேட்டது. 1920 அக்டோபரில் உலக நாடுகள் சங்கம் பாரிஸில் ஒரு மாநாடு கூட்டியது. போய்ச் சேரும் நாட்டின் விசாவைக் காட்டினால் போதும், வழியிலுள்ள நாடு விசாரணை ஏதுமின்றி உடனே கடப்பு விசா தர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. நுழைவு விசாவுக்கு அதிகபட்சம் 10 தங்க பிராங்க் என்றால் இதற்கு 1 பிராங்க். ஆக, பிறந்தபோது இது பயணியின் சுமையைக் குறைக்க வந்த காகிதம்.

விமானம் வந்ததும் அதுகூடத் தேவைப்படவில்லை. தரையிறங்கியும் நாட்டுக்குள் நுழையாத ஆள் என்ற புதுப் பிறவி உருவானது. எண்ணெய் நிரப்ப விமானங்கள் இறங்கிய அயர்லாந்தின் ஷானன் நிலையத்தில் 1947இல் வரியில்லாக் கடை திறந்ததும் இந்தக் கற்பனையை நம்பித்தான். கண்ணாடிக் கதவுக்கு இந்தப்புறம் இருப்பவர் எந்த நாட்டிலும் இல்லை! வியாபாரத்துக்கு இது வசதியாக இருந்த வரையில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

கதை திரும்பியது தமிழர்களால். கோடியக்கரைக்கு நேர் எதிரே, கடலுக்கு அப்பால் இருக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து 1983க்குப் பிறகு பல்லாயிரம் பேர் உயிர் தப்பி ஓடினார்கள். 1985 மே மாதம் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. ஒரு காமன்வெல்த் நாட்டின் குடிமக்கள்மீது அது அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. 1987 பிப்ரவரியில் டாக்காவிலிருந்து புறப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் லண்டன் ஹீத்ரூ நிலையத்தில் இறங்கித் தஞ்சம் கேட்டார்கள். திருப்பி அனுப்ப விமானத்தருகே கொண்டுபோனபோது, சிலர் சட்டையைக் கழற்றி உள்ளாடையோடு நின்று மறுத்தார்கள். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கினார்கள். உலகப் பத்திரிகைகளில் படம் வந்தது. அவமானப்பட்டது அவர்களா, அரசா என்பது பார்ப்பவரைப் பொறுத்தது.

உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்டு காத்திருக்கவில்லை. சில வாரங்களில் மசோதா வந்தது. மே மாதம் சட்டமானபோது, மார்ச் 5 முதல் வந்தவர்களுக்கே அது பொருந்தும் என்றார்கள். உரிய ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1000 பவுண்டு அபராதம். 1991இல் அது இரட்டிப்பானது. அன்றிலிருந்து எல்லைக் காவல் வேலை கவுன்ட்டர் ஊழியர் தலையில் விழுந்தது, சம்பள உயர்வு இல்லாமல். அதே 1987இல் தமிழர் உள்ளிட்ட தஞ்சம் கோரியவர்களை ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய கப்பலில் அடைத்து வைத்தார்கள். அக்டோபர் பெரும்புயலில் அது கயிறறுத்துக்கொண்டு ஒதுங்கியது. உள்ளே இருந்தவர்களை அதன்பின் வெளியே விட்டார்கள்.

ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. வேறு நாட்டுக்கு டிக்கெட் வாங்கியவருக்கு லண்டன் விசா தேவையில்லை. விமானம் மாறும்போது தஞ்சம் கேட்டால் நிறுவனத்துக்கு அபராதமும் இல்லை. இதை அடைக்கத்தான் 1993இல், நிலையத்தைவிட்டு வெளியே வராதவருக்கும் விசா வேண்டும் என்ற விதி வந்தது. இந்த விதிக்கு உட்பட்ட நாடுகளின் முதல் பட்டியலிலேயே இலங்கை இருந்தது. இந்தியா பின்னால் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1996 மார்ச்சில் இதே மாதிரிப் பொதுப் பட்டியல் போட்டது. பத்து நாடுகளில் இலங்கையும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அந்த ஜூன் மாதமே, பாரிஸின் ஓர்லி நிலையத்தில் அடைத்து வைக்கப்பட்ட சோமாலியர் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்ணாடிக் கதவின் இந்தப்புறமும் பிரான்ஸ்தான் என்று சொல்லிவிட்டது.

வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் 'எனக்கும் வேண்டுமா?' என்று கேட்பதற்கான விடை இந்தப் பிறப்பிலேயே இருக்கிறது. தஞ்சம் கேட்பார் என்று அரசுகள் அஞ்சியவரைத் தடுக்க வந்த விதி இது. போகிற இடத்தில் உரிமையோடு வாழ்பவர் வழியில் இறங்கிக்கொள்ள மாட்டார் என்பது கணக்கு. அதனால்தான் 2009இல் எழுதி 2010 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பாவின் ஷெங்கன் விசா விதிகள், கனடா, அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் விசாவோ, கட்டாயம் திரும்பி நுழையவிடும் குடியிருப்பு அட்டையோ இருந்தால் விலக்கு தருகின்றன. ஹீத்ரூவும் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆவணங்களை மதிக்கிறது. பாஸ்போர்ட் இந்தியாவினுடையதோ இலங்கையினுடையதோ, பையில் இருக்கும் அட்டை எந்த நாட்டினது என்பதே பேச்சு. இதெல்லாம் ஒரே டிக்கெட்டில், உள்ளேயே மாறுபவருக்கு. தனித்தனி டிக்கெட் வாங்கிப் பெட்டியை எடுத்துத் திரும்பப் போடுபவர் குடிவரவைத் தாண்ட வேண்டும். அவருக்குச் சட்டம் வேறு. அமெரிக்காவிலோ உள்ளேயே மாறும் ஏற்பாடே கிடையாது. விசா இல்லாமல் கடக்க விட்டுவந்த சலுகையையும் 2003 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள்.

வளைகுடாக்காரருக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. முத்துப்பேட்டையிலிருந்து துபாய்க்குப் போய்ப் பல ஆண்டு உழைத்தவரின் குடியிருப்பு விசா பெரும்பாலும் வேலையோடு கட்டியது. வேலை போனால் அதுவும் போகும். மகள் டொராண்டோவில் இருக்கிறாள், லண்டனில் மாறிப் போகலாம் என்று நினைத்தால், கனடா விசா கையில் வந்த பிறகே ஹீத்ரூவில் அவர் உட்காரலாம். துபாய் அட்டையை அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள்.