ஒரு நிமிஷம்கூட இல்லை: லாரி குவாங்கின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)



காலேஜ்ல நான் கிரிக்கெட் டீம்ல இருந்தேன். "இருந்தேன்"னுதான் சொல்லணும், "ஆடினேன்"னு சொல்ல முடியாது. பன்னிரண்டாவது ஆள். தண்ணி பாட்டிலும் கிளவுஸும் தூக்கிட்டு ஓடுறதுதான் நம்ம வேலை. ஒரே ஒரு மேட்ச்ல கடைசி ஓவருக்கு ஃபீல்டிங் அனுப்பினாங்க. பவுண்டரி ஓரத்துல நின்னேன். ஒரு பந்துகூட என் பக்கம் வரலை. வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "என்னடா, ஆடுனியா?" அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.

இன்னிக்கு நாம பேசப்போற ஆளுக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்சினை. ஆனா என் கதையில போனது ஒரு மாலை நேரம். அவர் கதையில ஒரு நாட்டோட சட்டமே குறுக்க நின்னுச்சு. அவர் பெயர் லாரி குவாங். கனடாக்காரர், ஐஸ் ஹாக்கி வீரர். என்.ஹெச்.எல்.-ல் ஆடிய முதல் சீன வம்சாவளி வீரர். அங்கே அவர் ஆடிய ஆட்டங்கள்: 1. அதில் ஐஸ் மேலே நின்ற நேரம்: ஒரு நிமிஷத்துக்கும் குறைவு.

முதல்ல ஊரைப் பாப்போம். கனடாவின் மேற்குக் கோடியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அங்கே வெர்னன் என்ற சின்ன ஊர். அங்கே ஒரு சீனக் குடும்பம் மளிகைக் கடை வைத்திருந்தது. 1923 ஜூன் 17 அன்று அந்தக் குடும்பத்தில் லாரி பிறந்தார். அந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. ஏன்னா சரியா இரண்டு வாரம் கழிச்சு, ஜூலை 1 அன்று, சீனர்கள் கனடாவுக்குள் குடியேறுவதைக் கிட்டத்தட்ட முழுசாகத் தடை செய்யும் சட்டம் அமலுக்கு வந்தது. அதுக்கு முன்னாடியும் ராஜ மரியாதை ஒண்ணும் இல்லை. 1903-லிருந்து உள்ளே வரும் கிட்டத்தட்ட ஒவ்வொரு சீனரும் 500 டாலர் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. ஜூலை 1 கனடாவின் தேசிய நாள். ஊரே கொண்டாடிய அந்த நாளை, சீனர்கள் "அவமான நாள்" என்று பெயரிட்டு, கடைகளை மூடி அனுசரித்தார்கள்.

லாரியின் சீனப் பெயர் எங் காய் ஜியோங். குவாங் என்பது குடும்பப் பெயரே இல்லை. கடையின் பெயர் குவாங் ஹிங் லங். ஊர்க்காரர்கள் கடைப் பெயரையே குடும்பத்துக்கும் வைத்துவிட்டார்கள். அப்பா சீக்கிரமே இறந்துபோனார். வீட்டில் ரேடியோவில் ஹாக்கி வர்ணனை ஓடும். கடைக்குப் பக்கத்து காலி மனையில் பசங்க தண்ணியை ஊத்துவாங்க. ராத்திரிக் குளிரில் அது உறைஞ்சா மைதானம் ரெடி. அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஸ்கேட்ஸைக் கட்டிக்கிட்டு லாரி அங்கேதான் பழகினார்.

உயரம் ஐந்தடி ஆறு அங்குலம்தான். ஆனா வேகம் அப்படி. பதினெட்டு வயதில் டிரெய்ல் என்ற ஊரின் டீம் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே ஒரு பெரிய உலோக ஆலை இருந்தது. டீமில் ஆடுறவங்களுக்கு அதில் வேலை கிடைக்கும். எல்லோருக்கும் கிடைத்தது, லாரிக்கு மட்டும் கிடைக்கவில்லை. சீனர்களை ஆலை எடுக்காது. அவர் ஒரு ஹோட்டலில் பெட்டி தூக்கும் வேலை பார்த்தார். ராத்திரி அதே ஊருக்காக கோல் அடித்தார்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். லாரி கனடா ராணுவத்தில் சேர்ந்தார். நாட்டுக்காகச் சீருடை போடலாம், ஆனா பிறந்த மாகாணத்தில் ஓட்டுப் போடும் உரிமை கிடையாது. தடைச் சட்டம் நீங்கியது 1947-ல்தான். ஓட்டுரிமை வந்ததும் அந்தச் சமயத்தில்தான்.

அதுக்குள்ளே லாரி நியூயார்க் போயிருந்தார். இங்கே ஹாக்கி ஏணியைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். அப்போது என்.ஹெச்.எல்.-ல் மொத்தமே ஆறு டீம். உலகத்தில் சுமார் நூறு பேருக்குத்தான் அங்கே வேலை. மீதி எல்லோரும் கீழே இருக்கும் மைனர் லீகுகளில்தான் பிழைக்கணும். நம்ம ஊரில் ரஞ்சியில் வருஷா வருஷம் ரன் குவித்தும் இந்திய டீமுக்குக் கூப்பிடாத பேட்ஸ்மேன்கள் இருக்காங்க இல்லையா, அந்த மாதிரி. லாரி சேர்ந்தது நியூயார்க் ரோவர்ஸ். இது நியூயார்க் ரேஞ்சர்ஸ் என்ற பெரிய டீமுக்கு ஆள் தயார் பண்ணும் டீம். இரண்டுக்கும் ஒரே மைதானம், மேடிசன் ஸ்கொயர் கார்டன். சைனா டவுன் மக்கள் அங்கேயே வந்து அவரைக் கௌரவித்தார்கள். பத்திரிகைகள் "கிங் குவாங்" என்று பட்டம் கொடுத்தன. 1947-48 சீசனில் ரோவர்ஸ் டீமில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர்தான்: 86.

1948 மார்ச் 13. மான்ட்ரியலில் ஆட்டம். ரேஞ்சர்ஸ் டீமில் சிலருக்குக் காயம், ஒரு வழியா அழைப்பு வந்தது. ஐஸ் ஹாக்கி இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி. முழு வேகத்தில் ஓடுவதால் யாராலும் தொடர்ந்து நிற்க முடியாது. ஆட்டம் ஓடும்போதே ஆள் மாறிக்கிட்டே இருக்கும். ஒருத்தர் உள்ளே போய்த் திரும்பும் ஒரு முறைக்கு "ஷிஃப்ட்"னு பேர். ஒரு மேட்சில் ஒரு வீரருக்குப் பல ஷிஃப்ட் கிடைக்கும்.

முதல் பகுதி முடிந்தது. லாரி பெஞ்சில். இரண்டாவது முடிந்தது. பெஞ்சில்தான். மூன்றாவது பகுதி முடியப்போகும் நேரத்தில் உள்ளே அனுப்பினார்கள். ஒரு நிமிஷம் ஆவதற்குள் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். மறுபடி அழைப்பு வரவே இல்லை.

தன்னைவிடக் குறைவாக கோல் அடித்தவர்கள் மேலே போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தான் என்ன செய்ய முடியும் என்று காட்ட வாய்ப்பே கிடைக்கவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். யாரையும் திட்டவில்லை.

வழக்கமா இந்தக் கதையை இங்கேதான் முடிப்பாங்க. "பாவம், ஒரு நிமிஷம்." எனக்கு இங்கேதான் ஒரு சின்ன எதிர்ப்பு இருக்கு. அந்த சீசன் முடிந்ததும் லாரி ரேஞ்சர்ஸை விட்டுத் தானே வெளியேறினார். அப்போ வயசு இருபத்தைந்துதான். கியூபெக்கில் வேலிஃபீல்ட் என்ற பஞ்சாலை ஊரின் பிரேவ்ஸ் டீம் அதிகச் சம்பளம் தருவதாகக் கூப்பிட்டது. அங்கே போய்ப் பல வருஷம் ஆடினார். கோச் யார் தெரியுமா? டோ பிளேக். பின்னாளில் மான்ட்ரியல் டீமுக்கு எட்டு முறை ஸ்டான்லி கோப்பை வாங்கிக் கொடுத்த ஆள். அவர் லாரியைப் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. 1951-ல் அந்த லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது லாரிக்கு. அங்கே எதிர் டீமில் ஆடியவர்களில் ஜான் பெலிவோவும் ஒருவர், பிறகு என்.ஹெச்.எல்.-ன் மாபெரும் நட்சத்திரம் ஆனவர்.

அதுக்குப் பிறகு இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம், அப்புறம் ஸ்விட்சர்லாந்து. அங்கே ஹாக்கி கோச் ஆனார், டென்னிஸும் சொல்லிக் கொடுத்தார். 1972-ல் கனடா திரும்பி, கால்கரி நகரில் குடும்பத்தாரோடு மளிகை வியாபாரம். ஆரம்பித்த இடத்துக்கே வந்தாச்சு. ஊரும் உலகமும் அவரை மறந்தே போச்சு. 2000-க்குப் பிறகுதான் ரசிகர்கள் சிலர் தேடிப் பிடித்து, கௌரவங்களும் ஆவணப்படமும் வந்தன. அந்த மான்ட்ரியல் ஆட்டத்துக்கு எழுபது வருஷம் நிறைந்து இரண்டு நாள் கழித்து, 2018 மார்ச் 15 அன்று, தன் 94-வது வயதில் அவர் இறந்தார்.

அந்த ஒரு நிமிஷம் அவரோட திறமைக்கான அளவு இல்லை. அவரை உள்ளே விட மற்றவங்க எவ்வளவு தயாரா இருந்தாங்க என்பதற்கான அளவு. அவர் எவ்வளவு ஆடினார்னு தெரியணும்னா டிரெய்ல், வேலிஃபீல்ட், நாட்டிங்ஹாம்ல கேக்கணும். அங்கே ஒரு ராத்திரிக்கு ஒரு ஷிஃப்ட் இல்லை, மேட்ச் முழுக்க ஆடினார். "ஆடுனியா?"ன்னு லாரியைக் கேட்டிருந்தா, தயங்காம "ஆடினேன்"னு சொல்லியிருக்கலாம். நூறு பேருக்குத் தெரியும் இடத்தில் இல்லைன்னாலும், ஆடினது ஆடினதுதான்.

உங்க வீட்டிலும் இப்படி மேலே போகாத ஒரு ஆட்டக்காரர், பாட்டுக்காரர் யாராவது இருப்பாங்க. இந்த வாரம் அவங்ககிட்ட ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்க. அடுத்த எபிசோடில் பாப்போம்.